கேக் வெட்டாத கல்யாணமும் வேகப் பேரவையும்

கடப்பாக்கம் தேவசகாயத்தின் மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆகி, அவள் முழுகாமல் இருந்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் கொடுத்தாகிவிட்டது. கல்யாண வீடியோவில் மட்டும் அவள் இன்னும் கேக் வெட்டவில்லை. கத்தியைப் பிடித்தபடி நிற்கிறாள். பக்கத்தில் மாப்பிள்ளை பல்லைக் காட்டியபடி நிற்கிறார். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் ஜெரோமின் கம்ப்யூட்டர் நின்றுபோகும்.

ஜெரோமும் கடப்பாக்கத்துக்காரன்தான், தேவசகாயத்தின் தெருவேதான். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வீடியோ கடை. கல்யாணம் எடுப்பதில் பயல் கில்லாடி. மணப்பெண்ணை நிலாவுக்குள் உட்கார வைப்பான். ரோஜாப் பூ விரிந்தால் உள்ளே மாப்பிள்ளை கோட்டு போட்டுக்கொண்டு சிரிப்பார். இதயம் ஒன்று பறந்து வந்து இரண்டு சம்பந்திகளையும் ஒன்றாக அணைத்துக்கொள்ளும். எடுப்பதில் குறையே இல்லை. இத்தனையையும் கோத்து ஒரே படமாக்கிக் கொடு என்று கேட்டால்தான், அந்தப் பழைய கம்ப்யூட்டர் நாள் கணக்கில் முக்கி முனகி, கேக்கைக் கண்டதும் மூச்சை விட்டுவிடும். அதற்கு வாய்த்த நினைவகம் அவ்வளவுதான்.

வேறு யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் ஜெரோம் ஏதாவது சாக்குச் சொல்லிச் சமாளித்திருப்பான். ஆனால் அவன் மனதைப் பறிகொடுத்திருந்தது தேவசகாயத்தின் இளைய மகள் ஜெனிட்டாவிடம். துணிச்சலை எல்லாம் திரட்டிக்கொண்டு ஒரு நாள் பெண் கேட்கவும் போனான்.

தேவசகாயம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் யூனியன் மேடைகளில் முழங்கியவர். தேர்தலில் தோற்ற பிறகு யாரும் மைக் கொடுக்காததால் ஆள் பாதியாக இளைத்துப் போயிருந்தார்.

"மாமா, நம்ம ஜெனிட்டா விசயமா..." என்று ஆரம்பித்தான் ஜெரோம்.

"இன்னா மாமா? மொதல்ல சிடி, அப்பறம் மாமா. பெரியவ கல்யாணத்தயே இன்னும் நீ முடிக்கல. அதுக்குள்ள சின்னவ கல்யாணத்துக்கு வந்துகினு கீற! ஈஸ்டருக்குள்ள என் பொண்ணு கேக் வெட்டணும். இல்லாட்டி பாண்டிச்சேரி சம்பந்தம் ஒண்ணு வந்துகீது, கைய நனைச்சிருவேன்."

நல்ல வேளையாக, துபாயில் இருந்த ஜெரோமின் சித்தப்பா மகன் இரண்டு நினைவகத் துண்டுகளை அனுப்பி வைத்தான். ரேம் என்று ஊரெல்லாம் சொல்கிறதே, அதுதான். புத்தம் புதுசு, பளபளவென்று இருந்தது. ஜெரோம் ஜெபம் பண்ணிவிட்டுத் தன் கம்ப்யூட்டரைத் திறந்து செருகப் பார்த்தான். இறங்கவில்லை. இந்தத் துண்டில் பள்ளம் ஓரிடத்தில், அந்தப் போர்டில் மேடு வேறிடத்தில். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். அடுத்து சுத்தியலைத் தேடினான். அப்போதுதான் ஜெனிட்டா வந்து தடுத்தாள்.

"யோவ், இன்னா ஆணியா அடிக்கற? இதுக்கு வேற மதர்போர்டு வோணும். எது வாங்கலாம்னு கேளு. எங்க டவுன்ஷிப்ல இதுக்குன்னே ஒரு சங்கம் கீது."

ஜெனிட்டா வேலை பார்த்தது அணு ஆராய்ச்சிக்காரர்களின் குடியிருப்புப் பள்ளி ஆபீசில். அவள் சொன்ன சங்கத்தின் பெயர் கடலோர நினைவக வேகப் பேரவை. கெட்டிக்காரர்கள் நிறைந்த ஊர் அது. பகலெல்லாம் அணுவை அடக்கி ஆள்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையில் அடங்காமல் ஓட எதையாவது தேடினார்கள் போலிருக்கிறது. இந்த நினைவகம் இன்ன வேகத்தில் ஓடும் என்று செய்தவன் எழுதி ஒட்டியிருப்பான். அதைவிடக் கூட ஓட்டுவதுதான் பேரவையின் லட்சியம். மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டு, வேகத்தைக் கொஞ்சம் கூட்டு, செத்துவிட்டதா பார், சாகவில்லையா, இன்னும் கொஞ்சம் கூட்டு. விஷயம் இவ்வளவுதான். இதற்கு ஒரு தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், கொள்கை பரப்புச் செயலாளர், குத்துவிளக்கு, சால்வை, ஒரு கொடியும்கூட.

சமுதாயக் கூடத்தில் ஜெரோம் போய் நின்று, "சார், இந்த ரேமுக்கு எந்த மதர்போர்டு வாங்கலாம்?" என்று கேட்டான்.

தலைவர் பக்தவத்சலம் எழுந்தார். பெரிய பதவியில் இருந்தவர், நல்ல குரல், அதைவிட நல்ல வயிறு. எதிரே இருந்த மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். கூடத்தில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் மைக் இல்லாமல் அவருக்குத் தமிழ் வராது.

"எந்தத் தாய்ப்பலகை என்று கேட்டீர்கள். அருமையான வினா! இந்தப் பேரவை தோன்றிய நாள் முதல் இங்கே தாய்ப்பலகை வாங்கியவர்கள் உண்டு, எரித்தவர்கள் உண்டு. இதுவரை கேட்டவர் எவரும் இல்லை!"

எல்லோரும் கை தட்டினார்கள். ஜெரோமும் தட்டினான். பதில் வரும் என்று காத்திருந்தான். பதிலுக்குப் பதில் டீ வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த செயலாளர் தாமோதரனிடம் மெதுவாகக் கேட்டான். "சார், இவ்ளோ ஸ்பீடா ஓட்டி இன்னா சார் பண்ணுவீங்க?"

"வேகத்தைப் பார்ப்போம்."

"பாத்துட்டு?"

"திரையில வர்ற எண்ணை போட்டோ எடுப்போம்."

"அப்பறம்?"

"அணைச்சிடுவோம். அதுவே அணையலைன்னா."

ஜெரோம் தலை சுற்றிப்போய் டீயைக் குடித்தான். இதற்குள் துணைத் தலைவர் வாசுதேவன் அந்த ரேம் துண்டுகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவர் திடீரென்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"தலைவரே, அந்தச் சில்லு. நாம தேடிக்கிட்டிருந்த அதே வரிசை. சிங்கப்பூர்லகூடக் கிடைக்காதுன்னாங்களே, அதே சில்லு!"

கூடமே எழுந்து நின்றது. ஜெரோமுக்குச் சால்வை போர்த்தினார்கள். 'நினைவக வள்ளல்' என்று பட்டம் கொடுத்தார்கள். ரேமைத் தட்டில் வைத்து எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒற்றிக்கொண்ட கையோடு, ஆண்டு விழாவில் உலக சாதனைக்கு இதைத்தான் ஓட்டுவது என்று தீர்மானமும் போட்டுவிட்டார்கள். வள்ளலிடம் யாரும் கேட்கவில்லை. வள்ளல் என்றாகிவிட்ட பிறகு கேட்பது மரியாதை இல்லையாம்.

"சார், எனக்குக் கல்யாண சிடி முடிக்கணும் சார். ஈஸ்டருக்குள்ள கேக் வெட்டணும்."

"விழா குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள்தானே? ஈஸ்டருக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குமே. விழா முடிஞ்சதும் எடுத்துக்கிட்டுப் போங்க, மிச்சம் இருந்தா" என்றார் தாமோதரன் கனிவாக.

போர்டு விஷயம் அடுத்த ஞாயிறுக்கு வந்தது. இடையில் ஜெரோம் சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் விசாரித்திருந்தான். கடைக்காரர் ஒரு போர்டை எடுத்துக் காட்டி, இதற்கு இந்த ரேம் பொருந்தும், பத்து வருஷம் தொந்தரவில்லாமல் ஓடும் என்று சொல்லியிருந்தார். அதை அப்படியே பேரவையில் சொன்னான். வாசுதேவன் முகம் சுளித்தார்.

"பத்து வருஷம் ஓடற போர்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அது ஆபீஸ் குமாஸ்தா மாதிரி. தம்பி, நல்ல போர்டுன்னா என்ன தெரியுமா? எவ்வளவு மின்சாரம் குடுத்தாலும் 'சரிங்க'ன்னு வாங்கிக்கணும். 'வேணாம், தாங்காது'ன்னு அணைஞ்சு போற போர்டு இருக்கே, அது அடங்காப்பிடாரி. குடும்பத்துக்கு ஆகாது."

அப்புறம் அவர் கட்டம் போட ஆரம்பித்தார். நிஜமாகவே கட்டம். ஒரு பக்கம் ரேமின் ஜாதகம், ஒரு பக்கம் போர்டின் ஜாதகம், இரண்டுக்கும் தயாரான தேதியை வைத்து நட்சத்திரம். தினப் பொருத்தம் உண்டு, கணப் பொருத்தம் மத்திமம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஏழெட்டுப் போர்டுகளைத் தள்ளினார். ஒன்றுக்குச் செவ்வாய் தோஷமாம்.

"சார், நாங்க வேதக்காரங்க. எங்க சைடுல ஜாதகமே பாக்கறதில்ல" என்றான் ஜெரோம்.

"உங்களுக்கு யார் பார்த்தது? ரேமுக்குப் பார்க்கறோம். ரஜ்ஜுப் பொருத்தம் இல்லாம மின்சாரத்தைக் கூட்டினா நாளைக்கு ரேமுக்கு ஆயுசு இல்லைன்னு நீங்களே வந்து நிப்பீங்க."

ரஜ்ஜு பொருந்திய போர்டு இருப்பதிலேயே விலை கூடியதாக இருந்தது. அதை வள்ளலே வாங்கினார். வள்ளலின் பழைய ஹார்டு டிஸ்க்கையும் கேட்டார்கள், தங்களுடையதை வைத்து எரித்துவிட உறுப்பினர்களுக்கு மனம் வரவில்லையாம். ஆக ரேம் ஜெரோமுடையது, போர்டு ஜெரோமுடையது, டிஸ்க் ஜெரோமுடையது. பேரவையின் பங்கு பேனர். அதில் பக்தவத்சலம் ஆள் உயரத்துக்குக் கை கூப்பிக்கொண்டிருந்தார்.

விழா மாமல்லபுரம் கடற்கரையில், மீனவர் குப்பத்தை ஒட்டிய திடலில். கடல் காற்று இயந்திரத்தைக் குளிர்விக்கும் என்பது தலைவரின் கண்டுபிடிப்பு. பங்குனி வெயிலில் அடித்த காற்று அவரையே வேக வைத்துவிட்டதால், குப்பத்தில் இருந்து மீன் ஐஸ் வாங்கி வரச் சொன்னார். தெர்மகோல் மீன் பெட்டிக்குள் ஐஸைக் கொட்டி, அதன் மேல் பாலிதீனில் சுற்றிய கம்ப்யூட்டரை இறக்கினார்கள். ஐஸுக்கு நேற்று வரை வஞ்சிரத்தோடு சகவாசம். வாசனை புறப்பட்டதும் குப்பத்துப் பூனைகள் ஒவ்வொன்றாக வந்து, அழைப்பிதழ் கிடைத்த மாதிரி முன் வரிசையில் அமர்ந்தன. பூனை விரட்டவும் ஐஸ் போடவும் மீன் வாடை பழகிய கடப்பாக்கத்து ஆள்தான் சரி என்று, சால்வையோடு ஜெரோமைப் பெட்டி பக்கத்தில் நிறுத்தினார்கள்.

ஏற்பாடு இதுதான். இயந்திரம் முதலிலேயே சாதாரணத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பேச்செல்லாம் முடிந்ததும் சிறப்பு விருந்தினர் திரைமேல் போர்த்திய பட்டுத் துணியை விலக்கி, மௌஸை ஒரு தட்டுத் தட்டுவார். வேகம் உச்சிக்குப் போகும். போட்டோ எடுப்பார்கள். அதன்பின் ரேம் உயிரோடு இருக்குமா என்பதைப் பற்றிப் பேரவைக்குக் கவலை இல்லை. ஜெரோமுக்கு இருந்தது. அழாத குறையாக நின்றான்.

சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை. வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போயிருக்கிறார் என்றார்கள். வரும் வரை ஒவ்வொருவராகப் பேசட்டும் என்றார் பக்தவத்சலம். அப்போதுதான் ஜெனிட்டா ஜெரோமின் காதோரம் வந்தாள்.

"மிசினு சொம்மாதான ஓடிகினு கீது?"

"ஆமா."

"உன் டிஸ்க்குதான? உள்ள அக்கா கல்யாணம் கீதா?"

ஜெரோம் அவளைப் பார்த்தான். அவள் பட்டுத் துணியைக் கண்ணால் காட்டினாள். அவ்வளவுதான். துணிக்குள் தலையை விட்டு, கேக் இருக்கும் கடைசிப் பகுதியைக் கோக்கச் சொல்லித் தட்டிவிட்டான். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் நீலக் கோடு ஒன்று தோன்றி நகர ஆரம்பித்தது. பழைய மிஷினில் நத்தையாக ஊர்ந்த கோடு இங்கே விறுவிறுவென்று போயிற்று. ஆனாலும் முழுதும் முடிய நல்ல நேரம் வேண்டும். மேடையில் பேச்சு நடக்கும் வரை நேரம் உண்டு. தமிழ்நாட்டில் இதுவரை எவனும் வேண்டாத வரத்தை ஜெரோம் அன்றைக்கு ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டான். 'இவங்க நிறுத்தாம பேசணும், சாமி.'

பேசினார்கள். தாமோதரன் ஆண்டறிக்கை வாசித்தார். "இவ்வாண்டில் நமது உறுப்பினர்களின் பதினொரு தாய்ப்பலகைகள் கொள்கைக்காக உயிர் நீத்தன. அவற்றுள் ஒன்றிலேனும் ஒரு கடிதமோ, ஒரு கணக்கோ, பிள்ளைகளின் வீட்டுப்பாடமோ செய்யப்படவில்லை என்பதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிறேன்!" கைதட்டலில் பூனைகள் மிரண்டன. வாசுதேவன் பத்துப் பொருத்தத்தையும் மறுபடி விளக்கினார். ஜெரோம் ஓடிப்போய் அவருக்குச் சோடா கொடுத்தான். பக்தவத்சலம் எழுந்தார்.

"ஊரில் எல்லோரிடமும் கணினி இருக்கிறது. அவர்கள் அதில் வேலை செய்கிறார்கள். பாவம்! வண்டி மாட்டை வைத்திருப்பவன் உழுவான். நம்மிடம் இருப்பது பந்தயக் குதிரை. நாம் அதில் ஏறக்கூட மாட்டோம். அது ஓடும், விழும், சாகும். அந்த அழகைப் பார்க்கத்தானே நாம் பிறந்தோம்!"

கோடு முக்கால்வாசி வந்திருந்தபோது சிறப்பு விருந்தினர் கழுத்தில் பைனாகுலரோடு வந்து சேர்ந்தார். மைக்கைப் பிடித்தார். "சுருக்கமாக இரண்டு வார்த்தை பேசி அமர்கிறேன்" என்றார். ஜெரோம் நிம்மதியாக ஐஸ் அள்ளினான். மேடைகளில் அப்படிச் சொல்லாதவர் யார்?

அந்தப் பாவி மனுஷர் இரண்டே வார்த்தை பேசி அமர்ந்துவிட்டார்.

ஜெரோமுக்கு உயிரே போய்விட்டது. பக்தவத்சலமே திகைத்துப் போனார். இப்படி ஒரு அநியாயத்தை அவரும் பார்த்ததில்லை. ஆனால் விருந்தினர் எழுந்து பட்டுத் துணியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தின் ஓரத்தில் தேவசகாயம் வந்து நின்றார். சிடியை என்ன செய்தான் என்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போக வந்தவர். ஜெனிட்டா அப்பாவின் கையைப் பிடித்து மேடைக்கே இழுத்துக்கொண்டு போனாள்.

"சார், எங்க நைனா வாழ்த்துரை குடுக்கணும்னு வந்துகீறாரு. ரேம் குடுத்த வள்ளலுக்கு வேண்டப்பட்டவரு."

வாழ்த்துரை என்ற சொல்லைக் கேட்டால் பக்தவத்சலத்தால் மறுக்க முடியாது. விருந்தினரை நாற்காலிக்குத் திருப்பினார். தேவசகாயத்தின் கையில் மைக் வந்தது. எத்தனையோ காலம் கழித்து வந்தது. அவர் அதைப் பிடித்த பிடியைப் பார்த்தால், திட்ட வந்ததே மறந்துவிட்டது என்று தெரிந்தது.

"பெரியோர்களே! தாய்மார்களே!" என்று ஆரம்பித்தார். மதுராந்தகம் டிப்போவில் நடந்த வேலைநிறுத்தத்தைச் சொன்னார். முட்டுக்காட்டில் பஸ் பிரேக் பிடிக்காமல் படகுத் துறை வரை போனதைச் சொன்னார். சில்லறை தராத பயணிகளின் குணநலன்களை வகை பிரித்தார். கோடு நகர்ந்தது. திடீரென்று அவருக்குச் சரக்குத் தீர்ந்து போயிற்று. திணறினார். ஜெனிட்டா கீழே இருந்து, இன்னும் இன்னும் என்று இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினாள். தேவசகாயம் சுற்றுமுற்றும் பார்த்தார். பேச ஏதாவது வேண்டுமே. கண்ணில் பட்டது ஜெரோம்தான். சால்வையும் கையுமாக, வெயிலில், பூனைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான்.

"இதோ நிக்கறானே இந்தப் புள்ள! இவன் யாரு? இவ்ளோ பெரிய ஆபீசர்லாம் சால்வ போத்துறாங்கன்னா சொம்மாவா? இவன் எங்க கடப்பாக்கத்துப் புள்ள!"

கைதட்டல். தேவசகாயத்துக்கு உடம்பெல்லாம் சூடேறியது.

"எங்க தெரு புள்ள!"

இன்னும் பலத்த கைதட்டல். மனுஷருக்கு இனி நிறுத்த முடியாது.

"அவ்ளோ ஏன்? எங்க வூட்டுப் புள்ள! என் சின்ன பொண்ணு ஜெனிட்டாவ இவனுக்குத்தான் கட்டிக் குடுக்கப் போறேன்னு இந்த மேடையில, இத்தினி பேர் முன்னால சொல்லிக்கறேன்!"

திடலே அதிர்ந்தது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தேவசகாயத்துக்கே உறைத்தது. மைக்கைப் பார்த்தார். அது எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்லி முடித்திருந்தது. ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. ஜெரோம் துணிக்குள் தலையை விட்டான். கோடு நிறைந்திருந்தது. சந்தோஷத்தில் படத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தவன், அதை மூட மறந்துபோனான்.

விருந்தினர் வந்து பட்டுத் துணியை விலக்கினார். உலக சாதனை எண்ணை எதிர்பார்த்த கூட்டத்துக்கு முன்னால், ரோஜாப் பூக்களுக்கு நடுவே, தேவசகாயத்தின் மூத்த மகள் கேக்கை வெட்டி மாப்பிள்ளை வாயில் ஊட்டினாள்.

"ஐயோ, வெட்டிட்டாடா!" என்று மேடையிலேயே குதித்தார் தேவசகாயம். குப்பத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். விருந்தினர் மிகவும் ரசித்து, இதுதான் சாதனை போலிருக்கிறது என்று நினைத்து, மௌஸை ஒரு தட்டுத் தட்டினார். எண்கள் ஏறின. 'டப்' என்று ஒரு சத்தம். பெட்டியில் இருந்து புகை வந்தது, வறுத்த வஞ்சிரத்தின் மணத்தோடு. அதற்கு மேல் பூனைகளால் பொறுக்க முடியவில்லை. எல்லாம் சேர்ந்து பெட்டிக்குள் பாய்ந்தன. அந்த அமளியிலும் ஜெரோம் ஹார்டு டிஸ்க்கை மட்டும் உருவி, சட்டைக்குள் போட்டுக்கொண்டான். ரேம் போயிற்று, போர்டும் போயிற்று. போகட்டும் என்றிருந்தது அவனுக்கு. அவ்வளவு சந்தோஷமாக அவன் எதையும் இழந்ததே இல்லை.

பக்தவத்சலத்தின் முகம் இருண்டிருந்தது. மறைந்த நினைவகத்துக்கு மௌன அஞ்சலி முடிந்ததும் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பேரவையின் வரலாற்றில் இன்று ஒரு கறை! சாகப் போகும் நேரத்தில் இந்தக் கணினி... சொல்லவே நாக்கூசுகிறது... வேலை செய்திருக்கிறது! ஒருவருக்குப் பயன்பட்டிருக்கிறது! எனவே சாதனை செல்லாது. ஜெரோம் என்பவரின் வள்ளல் பட்டம் பறிக்கப்படுகிறது. சால்வை திரும்பப் பெறப்படுகிறது."

ஐஸ் தண்ணீரில் ஊறிய சால்வையை ஜெரோம் மடித்துக் கொடுத்தான். வாங்கிய தாமோதரன் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. ஜெரோமும் ஜெனிட்டாவும் வண்டியை எடுக்கும்போது யாரோ பின்னால் செருமினார்கள். பக்தவத்சலம். மைக் இல்லாததால் குரல் வெளியே வரத் தயங்கியது.

"தம்பி, என் பொண்ணு கல்யாண கேசட் ஒண்ணு மூணு வருஷமா அப்படியே கிடக்கு. வீட்டுல தினமும் ஏச்சு. என்கிட்ட ஆறு கம்ப்யூட்டர் இருக்கு, ஒண்ணுலயும் ஒரு படம் ஓடாது. இன்னும் எரிக்காதது ஒண்ணு மிச்சம் இருக்கு, அதை வேணா எடுத்துக்கோ. யாருக்கும் தெரிய வேணாம். முடிச்சுக் குடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

ஜெரோம் வாயைத் திறப்பதற்குள் ஜெனிட்டா வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"அது உங்க கையிலதான் கீது சார். நீங்க பேச ஆரம்பிங்க, நாங்க முடிச்சிக் குடுத்துர்றோம்."